மியூஸுக்கு மாற்று தேடும் தம்பிக்கு



இணையதளம் கட்டும் அடோபி மியூஸைப் போலவே வேறு எந்த மென்பொருள் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தாய். அதே மாதிரி ஒன்று இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் அதை வாங்காதே என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்கே இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

உன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் கடைத் திறப்பு விழா நோட்டீஸும் அடித்துத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அச்சு வேலையில் பழகிய கைக்கு மியூஸ் ஒரு வரம். இன்டிசைனில் வேலை பார்த்தவர்களே அடோபியில் அதை உருவாக்கினார்கள். 2012இல் அது விற்பனைக்கு வந்தபோது, மாஸ்டர் பக்கம் முதல் படச் சட்டகம் வரை எல்லாம் நமக்குத் தெரிந்த இடத்திலேயே இருந்தன. படத்தை எங்கே இழுத்து விட்டோமோ அங்கேயே நின்றது. ஒரு வரி கோடிங் தெரியாதவன்கூட மாலைக்குள் ஒரு ஜவுளிக்கடைக்குத் தளம் போட்டுக் காட்ட முடிந்தது.

2018 மார்ச் 26 அன்று அடோபி அதை நிறுத்துவதாக அறிவித்தது. புது வசதி எதுவும் வராது, 2020 மார்ச் 26க்குப் பிறகு ஆதரவும் கிடையாது என்றார்கள். அப்போது மாற்றாகக் கைகாட்டியவற்றில் அடோபியின் எக்ஸ்டியும் ஒன்று. அது தளமே கட்டாது, மாதிரி வரைந்து காட்டும் கருவி. 2023இல் அதைத் தனியாக விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உன் பட்டறையில் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பழைய கணினியில் மியூஸை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. நிறுத்திய மென்பொருள் மறுநாள் காலையே திறக்காமல் போய்விடுவதில்லை. திறந்துகொண்டே இருக்கிறது, நாமும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். என்றைக்கோ அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போகும். அன்றைக்குப் பார்த்து ஒரு பார்ட்டி போன் செய்து, கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டோம், முகவரியை உடனே மாற்றுங்கள் என்பார்.

மியூஸுக்கு மட்டும் நடந்த கதை என்று நினைத்துவிடாதே. மைக்ரோசாஃப்டின் ஃப்ரன்ட்பேஜ் வெர்மீர் டெக்னாலஜீஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 1996இல் அந்த நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஃப்ரன்ட்பேஜில் கட்டிய பழைய தளங்களின் சர்வருக்குள் போனால் ‘விடிஐ’ என்ற எழுத்துகள் கொண்ட அடைவுகள் இன்றும் கண்ணில் படும். வெர்மீர் டெக்னாலஜீஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துகள்தான் அவை. (அதை நிறுவியவர்களில் ஒருவரான சார்லஸ் ஃபெர்குசன் பிறகு ‘இன்சைட் ஜாப்’ ஆவணப்படம் எடுத்து ஆஸ்கர் வாங்கினார். மென்பொருளை விட்டுவிட்டு நன்றாகப் பிழைத்தவர்களும் உண்டு.) ஃப்ரன்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003. அதற்கு வாரிசாக வந்த எக்ஸ்பிரஷன் வெப்பையும் 2012 டிசம்பரில் இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கைகழுவினார்கள். அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியபோது, அதன் கையில் ஏற்கெனவே இருந்த கோலைவோடு ட்ரீம்வீவரும் வந்து சேர்ந்து தளக் கருவிகள் இரண்டாயின. 2008இல் கோலைவ் போனது. நன்றாக இல்லாததால் போனது என்று சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் இரண்டு எதற்கு என்ற கணக்குதான். ஆப்பிளின் ஐவெப்பும் இப்படித்தான். அதில் கட்டி ஆப்பிளின் மொபைல்மீயிலேயே வைத்திருந்தவர்களின் தளங்கள் 2012 ஜூன் 30 அன்று அந்தச் சேவையோடு மூடப்பட்டன. வேறு ஹோஸ்டிங்கில் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் ஒன்றைக் கவனித்தாயா? மென்பொருள் நின்றதால் மட்டும் யாருடைய தளமும் விழவில்லை. மென்பொருள்காரரின் சர்வரையோ ரகசிய உறுப்பையோ நம்பியிருந்த பகுதிதான் விழுந்தது. ஃப்ரன்ட்பேஜில் வருகை எண்ணிக்கைக் கருவியும் தொடர்புப் படிவமும் சர்வரில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று ஒன்று இருந்தால்தான் ஓடும். ஹோஸ்டிங் கம்பெனிகள் அதை எடுத்தபோது பக்கம் அப்படியே இருந்தது, படிவம் மட்டும் செத்தது. வாரக்கணக்கில் ஒரு விசாரணைகூட வரவில்லையே என்று கடைக்காரர் வியாபாரத்தை நொந்துகொண்டிருப்பார், படிவம் போனதே தெரியாமல். மியூஸிலும் அடோபியின் பிசினஸ் கேட்டலிஸ்டில் தளத்தை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சேவை 2021இல் மூடியபோது இதே கதிதான்.

எனவே ஒரு புதுக் கருவியைப் பார்க்கும்போது, உள்ளே நுழைவது எவ்வளவு சுலபம் என்று பார்க்காதே. எல்லாருமே வாசலில் கோலம் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். நாளை இது நின்றுவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும் என்று பார். உன் வேலையும் பார்ட்டியின் உள்ளடக்கமும் இன்னொருவர் திறந்து படிக்கக்கூடிய கோப்புகளாக மிஞ்ச வேண்டும். எச்டிஎம்எல் அப்படிப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய பக்கங்கள் இன்றைய பிரவுசரிலும் திறக்கின்றன. அதற்குப் பிறகு எத்தனை தளக் கருவிகள் வந்து போய்விட்டன!

மியூஸும் எச்டிஎம்எல்தானே கொடுத்தது என்பாய். கொடுத்தது. அதைத் திறந்து பார்த்திருக்கிறாயா? ஒரு பத்திக்கு ‘யு’ என்ற எழுத்தும் நாலு இலக்கமும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. இயந்திரம் இயந்திரத்துக்காக எழுதியது அது. முகவரியை மாற்றலாம், விலையை மாற்றலாம். புதுப் பக்கம் சேர்ப்பது முடியாத காரியம்.

நம் தமிழ்த் தளங்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மியூஸின் எழுத்துருப் பட்டியலில் மூன்று வகை இருக்கும். மூன்றாவது, உன் கணினியில் இருக்கும் சிஸ்டம் எழுத்துருக்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் வெளியிடும்போது அந்த எழுத்து படமாக மாறிவிடும். மென்பொருளே அடைப்புக்குறிக்குள் அப்படித்தான் எச்சரிக்கும், நாம்தான் படிப்பதில்லை. பத்திரிகை அடிக்கிற பழக்கத்தில் அழகாக இருக்கிறதே என்று பட்டறையில் இருக்கும் எழுத்துருவைத் தமிழ்த் தலைப்புக்குப் போட்டிருப்போம். கண்ணுக்குத் தமிழ் எழுத்து, உண்மையில் அது ஒரு படம். எழுத்தாகத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் மூலக் கோப்பிலிருந்து எடுத்தாலும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் வரிவரியாகப் படித்துப் பார்க்கவும் வேண்டும்.

ஆகவே புது மென்பொருளைத் தரவிறக்கும் முன், மியூஸ் ஓடும் அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொரு தளத்தின் உள்ளடக்கத்தையும் வெளியே எடுத்துவிடு. எழுத்தெல்லாம் யூனிகோடில் சாதாரண உரைக் கோப்பாக, படங்கள் அசல் அளவில் தனி அடைவாக. கூடவே ஒவ்வொரு பக்கத்தின் இணைய முகவரியையும் ஒரு பட்டியலில் குறித்து வை. தளம் மாறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பிவிடல் போட அந்தப் பட்டியல் வேண்டும். இல்லாவிட்டால் பல வருஷமாகத் தேடலில் சேர்ந்த பெயர் போய்விடும். சலிப்பான வேலைதான். ஆனால் இதை முடித்துவிட்டால் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்ற பயம் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் தேர்வு தப்பாகப் போனாலும் சரக்கு உன் கையில் இருக்கும்.

இனி கருவிகள். விக்ஸ் சுலபம், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அங்கே கட்டிய தளத்தைக் கழற்றி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக வழியில்லை. என் கணக்கில் அதோடு அது முடிந்தது. வெப்ஃப்ளோ உன் கைக்குப் பிடிக்கும், பணம் கட்டினால் கோடையும் கொடுக்கும், அதுவும் படிக்கிற மாதிரியான கோடு. வெளியே எடுத்தபின் படிவமும் அவர்களின் உள்ளடக்கத் தொகுப்பும் மட்டும் வேலை செய்யாது, விலையும் டாலரில். இலவசம் என்று எதையும் நம்பிவிடாதே. கூகுள் பிசினஸில் சின்னக் கடைகளுக்கு ஒரு பக்கத் தளம் கொடுத்தார்களே, அதை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்த கடைகள் என்ன செய்யும்?

வேர்ட்பிரஸ் பற்றிக் கேட்டிருந்தாய். அதன் பிறப்பே நமக்குப் பாடம். பி2 என்ற மென்பொருளை எழுதியவர் அதைத் தொடராமல் விட்டபோது, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அந்தக் கோடையே எடுத்து 2003இல் வேர்ட்பிரஸ்ஸாகத் தொடர்ந்தார்கள். ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் அதை அனுமதித்தது. மியூஸ் நின்றபோது நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இன்று வேர்ட்பிரஸ்ஸில்தான் ஓடுகிறது. அதற்காக எல்லாவற்றையும் அதில் போட்டுவிடாதே. அப்டேட் செய்யாமல் விட்டால் ஹேக் ஆகும், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேசாமல் கொடுத்தால் நீதான் இலவசமாகக் கழுவிக்கொண்டிருப்பாய். அதன்மேல் இழுத்து வைக்கும் பில்டர் பிளக்கின் எதையாவது போடுவதாக இருந்தால் முதலில் ஒரு சோதனைத் தளத்தில் நாலு பக்கம் கட்டு. பிறகு அந்தப் பிளக்கினை அணைத்துவிட்டுப் பக்கத்தைப் பார். சிலவற்றில் உன் எழுத்து அப்படியே நிற்கும். சிலவற்றில் சதுர அடைப்புக்குறிகளுக்குள் அவர்களுடைய குறியீடுகள் பக்கம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். இரண்டாவது வகை என்றால் அது இன்னொரு மியூஸ்தான். ‘டிவி’ (Divi) என்ற பில்டரின் பழைய பதிப்பில் கட்டிய தளங்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை மாறும் ஐந்து பக்கத் தளத்துக்கு வேர்ட்பிரஸ்ஸும் தேவையில்லை. சாதாரண எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் போதும். பைன்குரோ போன்ற கருவி அந்தக் கோப்புகளையே நேராகத் திறந்து, கண்ணால் பார்த்துத் திருத்த விடும். தனக்கென்று ஒரு பூட்டிய கோப்பு வைத்துக்கொள்ளாது. ஆனால் அதற்கு நீ கொஞ்சம் சிஎஸ்எஸ் கற்க வேண்டும். முகம் சுளிக்காதே. பத்தியிடைவெளி, வரியுயரம், கிரிட் எல்லாம் உனக்கு அச்சில் தெரிந்தவைதான், பெயர் மட்டும் புதிது. இன்டிசைனில் ஸ்டைல் ஷீட் வைத்து வேலை செய்தவனுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் கேட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, நோட்டோ என்று யூனிகோடிலேயே நல்லவை இருக்கின்றன.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கடைசியில் எழுதுகிறேன் பார். உங்கள் பட்டறை கட்டிய தளங்களின் டொமைன்கள் யார் பெயரில் இருக்கின்றன? பட்டறை பெயரிலோ, வேலையை விட்டுப்போன யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலிலோ இருந்தால் இந்த மாற்றத்தோடு அதையும் பார்ட்டியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடு. அப்படிக் கொடுத்தால் பார்ட்டி ஓடிவிடுவார் என்று பட்டறையில் சொல்வார்கள். ஓடுகிறவர் எப்படியும் ஓடுவார்.

முதலில் அந்த மெஸ்காரரின் தளத்தில் தொடங்கு. மெனு அட்டை முழுக்கப் படமாகவே கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். விலை அடிக்கடி மாறுகிற தளம், அவரே கைப்பேசியில் திருத்திக்கொள்ளட்டும், அதற்கு வேர்ட்பிரஸ்தான் சரி, பில்டர் எதுவும் வேண்டாம். மெனுவைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் விலையை அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள். மியூஸ் கோப்பில் இருப்பது எந்த வருஷத்துத் தோசையோ.

அன்புடன்,
அண்ணன்