ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவோம்: பந்தயக் காரும் குட்டி யானையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

உலகில் சிறந்த கார் எது என்று கேட்டால் நம் மாணவ நண்பர்களிடம் விடைக்குப் பஞ்சமில்லை. லம்போர்கினி என்பார் ஒருவர். ஃபெராரி என்பார் மற்றொருவர். போர்ஷே என்று மூன்றாமவர் மேசையைத் தட்டுவார். மூவரும் கையிலெடுக்கும் அளவுகோல் ஒன்றே. அது வேகம். ஆனால் இக்கார்களை ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதோடு நில்லாமல், எவ்வாறு நிற்கிறது, எவ்வாறு வளைகிறது என்பவற்றையும் நுணுகி நோக்குவர். அம்முறையை இயற்பியலின் துணைகொண்டு விளக்குவதும், அதைக் கொண்டே நம் தாமிரபரணிக் கரையில் ஓடும் வண்டிகளை எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்சொன்ன கார்களில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. நான் ஓட்டியவை இரண்டே. ஒன்று, என் தந்தையார் வாழைத்தார் ஏற்றும் டாட்டா ஏஸ், அதாவது நாம் 'குட்டி யானை' என்றழைக்கும் சரக்கு வண்டி. மற்றொன்று, சித்தப்பாவின் பழைய மாருதி 800. எனினும், இத்தாலியில் ஓடும் காருக்கும் களக்காட்டில் ஓடும் குட்டி யானைக்கும் நியூட்டனின் விதிகள் ஒன்றுதானே!

ஒப்பீட்டின் ஒழுங்கு

ஊசல் சோதனையில் நூலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றுவதில்லை. வண்டிகளை ஒப்பிடுவதிலும் அதே ஒழுங்கு வேண்டும். சாலை, ஓட்டுநர், சுமை ஆகியவை மாறாதிருக்க, வண்டி மட்டுமே மாற வேண்டும். இதற்காகவே ஃபெராரி நிறுவனம் 1972இல் ஃபியோரானோ என்னுமிடத்தில் தனக்கெனச் சோதனைத் தடம் அமைத்துக்கொண்டது. ஜெர்மனியில் 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் தடத்தின் வடக்குச் சுற்று ஏறத்தாழ 20.8 கி.மீ. நீளமுடையது. பல நாட்டு நிறுவனங்களும் தம் கார்களை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கின்றன.

நம் தமிழகத்தில் இதே சோதனையைத் தலைகீழாக நடத்திக் காட்டியவர் கோவையைச் சேர்ந்த கரிவர்தன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்துவந்த காலம் அது. 1980களின் இறுதியில் அவர் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் இலேசான பந்தயக் காரை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்பது அதன் பெயர். எல்லாரிடமும் ஒரே வகைக் கார் இருந்தால் வெற்றி தோல்வி ஓட்டுநரின் திறமையைப் பொறுத்ததாகிவிடும் அன்றோ? 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2001இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஃபார்முலா ஒன் காரை ஓட்டிச் சோதித்தார். 2005இல் அப்பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

திறனும் எடையும்

எஞ்சின் பெரிதா சிறிதா என்பதைவிட, ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத் திறன் என்பதே முடுக்கத்தைத் தீர்மானிக்கிறது. 2014 முதல் 2024 வரை தயாரிக்கப்பட்ட லம்போர்கினி ஹுராக்கான் காரின் தொடக்க வகை 610 குதிரைத் திறன் உடையது. எரிபொருள் முதலியன நீங்கலாக அதன் எடை 1422 கிலோ. டன்னுக்கு ஏறத்தாழ 430 குதிரைத் திறன் ஆகிறது. மாருதி 800இன் திறன் சுமார் 37, எடை சுமார் 650 கிலோ. எனவே டன்னுக்கு 57. குட்டி யானையோ 2005இல் வெளிவந்த இரண்டு உருளை டீசல் வண்டி. 16 குதிரைத் திறனில் 750 கிலோ சரக்கை ஏற்றி, மொத்தம் 1550 கிலோவை இழுக்க வேண்டும். டன்னுக்குக் கிடைப்பது பத்தே பத்துதான்.

ஆக, லம்போர்கினி குட்டி யானையைவிட நாற்பது மடங்குக்கு மேல் உயர்ந்தது! இந்த எண்ணைக் கண்டு மயங்காதார் யார்? ஆனால் ஒப்பீடு இங்கே முடிந்துவிடுவதில்லை.

நிற்கும் தூரம்

பிரேக்கை மிதித்தபின் வண்டி ஓடும் தூரம், வேகத்தின் இருமடியை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், இரண்டு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைக்கும். எஞ்சினின் திறன் இதில் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். சாதாரண டயருக்கு உலர்ந்த சாலையில் குணகம் 0.7 என்றும், பந்தயக் காரின் விலையுயர்ந்த டயருக்கு 1.1 என்றும் கொள்வோம்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் குட்டி யானை 14 மீட்டரிலும், லம்போர்கினி 9 மீட்டரிலும் நிற்கும். ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடிவருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகுமானால், அதற்குள் இரு வண்டிகளும் 14 மீட்டர் கடந்திருக்கும். மொத்தத்தில் ஒன்று 28 மீட்டர், மற்றொன்று 23 மீட்டர். கோடிக்கணக்கான ரூபாய் வாங்கித் தந்தது ஐந்து மீட்டர்! வேகம் 100 ஆனால் சாதாரண டயருக்கு பிரேக் தூரம் மட்டும் 56 மீட்டராகிறது. வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும் என்னும் இவ்விதியை, நெல்லை–நாகர்கோவில் நாற்கரச் சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

வளைவில் நடப்பது

வளைவே வண்டிக்கு உரைகல். வேகம் மிகும்போது வண்டி இரண்டில் ஒன்றைச் செய்யும். டயரின் பிடி விட்டு வழுக்கும், அல்லது கவிழும். ஈர்ப்பு மையத்தின் உயரத்தைக் காட்டிலும் சக்கர அகலத்தின் பாதி எவ்வளவு பெரிது என்று காண வேண்டும். அந்த விகிதம் உராய்வுக் குணகத்தைவிடப் பெரிதாயின் வண்டி வழுக்கும், சிறிதாயின் கவிழும்.

கன்னடியன் கால்வாய்க் கரையை ஒட்டிய வளைவு ஒன்றை நான் தேர்ந்துகொண்டேன். நம் ஆய்வகத்துக் கோளமானியில் பயன்படும் முறையே இங்கும் பயன்பட்டது. 20 மீட்டர் கயிற்றை வளைவின் உள்விளிம்பில் இருபுறமும் இழுத்துக் கட்டினேன். நடுவில் இடைவெளி 1.7 மீட்டர். ஆகவே ஆரம் சுமார் 30 மீட்டர். வண்டியினுள் நூலில் ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, தம்பியிடம் கோணமானியைக் கொடுத்து அருகில் அமர்த்தினேன். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மூன்று ஓட்டங்கள்.

மாருதியில் குண்டு 10 பாகையை ஒட்டிச் சாய்ந்தது. வெறும் குட்டி யானையிலும் அவ்வாறே. தார் ஏற்றியபின் சாய்வு கூடியது. சாலை தந்த முடுக்கம் அதேதான். ஆனால் மேல்சுமையால் ஸ்பிரிங் ஒருபுறம் அமுங்கி, வண்டியே சாய்ந்துகொடுத்தது. இருக்கையில் அமர்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை, குண்டு காட்டிக்கொடுத்தது. "சாயுறது நமக்குத் தெரியாதுலே, தாருக்குத்தான் தெரியும்" என்று என் தந்தையார் சொல்வதன் பொருள் அன்று விளங்கிற்று. வளைவில் பின்னால் தார்கள் உரசும் ஒலியைக் கேட்டே அவர் வேகத்தைக் குறைப்பது வழக்கம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். குட்டி யானையின் சக்கர அகலத்தில் பாதி 0.65 மீட்டர். வெறும் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.6 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால் விகிதம் 1.08, ஆகவே அது வழுக்குமேயன்றிக் கவிழாது. தார் ஏற்றியதும் மையம் ஒரு மீட்டருக்கு உயரும்; விகிதம் 0.65. இப்போது வழுக்குவதற்கு முன்பே கவிழும். அதற்கு 30 மீட்டர் வளைவில் 50 கி.மீ. வேகம் போதும். மேலும் ஒரு வரிசை அடுக்கினால் 47 போதும். பள்ளமும், ஸ்பிரிங்கின் சாய்வும், உருளும் தாரும் சேர்ந்தால் இவ்வெல்லை இன்னும் இறங்கும். வழுக்கும் வண்டி எச்சரிக்கை தரும். கவிழும் வண்டி தருவதில்லை.

லம்போர்கினியோ தரையோடு தரையாக அமைந்தது. அதன் விகிதம் 1.8 அளவில் இருப்பதால் கவிழும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதன் டயரும் 65 கி.மீ. வேகத்தில் பிடியை விட்டுவிடும். திறனில் நாற்பது மடங்கு மேம்பட்ட வண்டி, இந்த வளைவில் 1.3 மடங்கு வேகத்திலேயே எல்லையைத் தொட்டுவிடுகிறது!

எது சிறந்தது?

'எந்தப் பணிக்கு?' என்று கேட்காமல் இதற்கு விடை கூற இயலாது. நூர்பர்க்ரிங் தடத்துக்கு லம்போர்கினி. நால்வர் குடும்பம் நெல்லையப்பர் கோயிலுக்குச் சென்றுவர மாருதி. விடியுமுன் களக்காட்டு ஏத்தன் தார்களை நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பவோ குட்டி யானைக்கு நிகரில்லை. லம்போர்கினி நிறுவனத்தைத் தோற்றுவித்த ஃபெருச்சியோவும் உழவர் குடும்பத்தில் பிறந்து, 1948இல் டிராக்டர் செய்யத் தொடங்கி, 1963இல் காருக்கு வந்தவரே என்பதை இங்கே நினைவுகூரலாம்.

முடிவுரை

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒரு வரிசை தார் கூடினால் தந்தையாருக்கு வாடகை கூடும்; அந்தக் கூடுதலில் என் தேர்வுக் கட்டணமும் அடங்கும். நடவுக் காலத்தில் என் தாயாரும் அண்டை வீட்டுப் பெண்களும் இத்தகைய வண்டியின் பின்புறத்தில் நின்றுகொண்டே வயலுக்குப் போவதுண்டு. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. ஏன் தடுக்கிறது என்பதை மேலே கண்ட கணக்கு கூறுகிறது. நிற்கும் பத்துப் பேர், வாழைத்தாரைப் போலவே ஈர்ப்பு மையத்தை உயர்த்துகின்றனர்.

இப்போது எங்கள் வண்டியில் அந்தத் தூக்குக் குண்டு நிரந்தரமாகத் தொங்குகிறது. அதன் பின்னால் அட்டையில் 15 பாகைக்குச் சிவப்புக் கோடு ஒன்று இட்டிருக்கிறேன். தந்தையார் மேல்வரிசையைக் குறைத்துவிட்டார், வாடகையும் குறைந்தது. செலவு ஒரு நூலும் ஓர் இரும்புக் குண்டுமே. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு குட்டி யானையேனும் ஓடுகிறது. வரும் விடுமுறையில் ஆளுக்கொரு வண்டியில் இக்குண்டைக் கட்டித் தருவோமாயின், நாம் படித்த இயற்பியல் நம் ஊர்ச் சாலைக்குப் பயன்பட்டதாகும்.