மூச்சுச் சத்தம் கேட்கும் தூரம்: திருகோணமலையில் சின்னப் படகில் திமிங்கிலம் பார்க்க

திருகோணமலைக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே கோணேசர் கோயில் மலைக்கு ஏறிவிட வேண்டும். கும்பிட வருகிறவர்களுக்கு அது கோயில். திமிங்கிலம் பார்க்க வந்தவர்களுக்கு அது காவல் கோபுரமும்கூட. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் பாறை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. மாலையில் வெயில் முதுகுப் பக்கம் விழுவதால் கிழக்குக் கடல் கண் கூசாமல் தெரியும். பருவகாலத்தில், கையில் நல்ல தொலைநோக்கியும் இருந்தால், நீலத்திமிங்கிலம் விடும் மூச்சு வெள்ளைப் புகைத் தூணாக எழுவதை இங்கிருந்தே சில நாட்களில் பார்த்துவிடலாம். கரையில் நின்றபடி நீலத்திமிங்கிலத்தைப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்றுக்குத் தமிழில் வழி கேட்டுப் போக முடிகிறது.

இவ்வளவு பெரிய விலங்கு கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்குக் காரணம் கடலடியில் இருக்கிறது. இலங்கையைச் சுற்றியுள்ள கண்டத்திட்டு குறுகலானது. திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாசல்வரை வந்து நிற்கிறது. ஆழக் கடலில் வாழும் உயிர்களுக்குத் தேவையான ஆழம், மீனவர் அன்றாடம் போய்வரும் தூரத்திலேயே கிடைத்துவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள் இங்கு நீலத்திமிங்கிலங்களைக் கண்டு பதிவு செய்தார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலா இங்கே வளர வழியில்லாமல் போனது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் பக்கத்து ஊர்களான உப்புவெளி, நிலாவெளி மீனவர்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் தேடிப் போகத் தொடங்கினார்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை திருகோணமலை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸவும் வடமேற்கே கற்பிட்டியும். தென்மேற்குப் பருவக்காற்று தெற்கையும் மேற்கையும் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வடகீழ் பருவமழை வந்ததும் நிலைமை தலைகீழாகும். டிசம்பர் விடுமுறையில் திருகோணமலைக்குப் போய் இறங்கித் திமிங்கிலம் கேட்பவர்களுக்கு மழைதான் கிடைக்கும். டால்பின் கூட்டத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள் கற்பிட்டிக்குப் போகலாம். அங்கே ஸ்பின்னர் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வருவது வழக்கம்.

மிரிஸ்ஸவை இந்தக் கட்டுரை பரிந்துரைக்காததற்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலும் இரண்டு தட்டுப் பெரிய படகுகள். ஒரு திமிங்கிலம் தலைகாட்டினால் பல படகுகள் அதை நோக்கித் திரும்புகின்றன. போதாக்குறைக்கு, உலகின் நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. சரக்குக் கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாவது பல ஆண்டுத் துயரம். 2022இல் எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்ட முன்வந்தது நல்ல செய்தி. ஆனாலும் ஆறு பேர் மட்டும் ஏறும் படகில், சத்தமில்லாத கடலில் கிடைக்கும் அனுபவமே வேறு.

அடுத்தது படகு. உப்புவெளிக் கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். 18 முதல் 23 அடி நீளம், பின்னால் ஒரு எஞ்சின், நான்கிலிருந்து ஆறு பேருக்கு இடம். வட இந்தியப் பெருங்கடலின் நீலத்திமிங்கிலம் அண்டார்க்டிக் உறவினரைவிடச் சின்னது என்றாலும் 20 மீட்டரைத் தாண்டும். அதாவது ஏறப்போகும் படகைப்போல மூன்று மடங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படகையும் ஓட்டியையும் பார்க்க வேண்டும்.

விடுதியில் சொல்லிப் பதிவு செய்வது எளிது. ஆனால் முதல் நாள் மாலை கரைக்கே போய்ப் படகைக் கண்ணால் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. லைஃப் ஜாக்கெட் எத்தனை என்று கேட்பதோடு நிற்காமல் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வந்தால் அவர்கள் அளவுக்கு உண்டா என்று போட்டே பார்த்துவிட வேண்டும். பெரியவர் ஜாக்கெட் தண்ணீரில் பிள்ளையின் தலைக்கு மேலே கழன்றுவிடும். தலைக்கு மேல் நிழல்துணி, துடுப்பு, மேலதிக எரிபொருள், ஜி.பி.எஸ்., கரையோடு பேச வழி, இவை ஒவ்வொன்றையும் கேட்கலாம். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் ஓட்டி நல்ல ஓட்டி. "எத்தனை மணிக்கு அண்ணை காத்து எழும்பும்?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், அவர் கடலைப் பற்றி எவ்வளவு தெரிந்தவர் என்பது பதிலிலேயே வந்துவிடும்.

விலை படகுக்கா தலைக்கா, எத்தனை மணி நேரம், திமிங்கிலம் தென்படாவிட்டால் என்ன என்பதையும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். விலையை அடித்துக் குறைத்தால் ஓட்டி குறைப்பது எரிபொருளை. எரிபொருள் குறைந்தால் தேடும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் கண்ட திமிங்கிலத்தைத் துரத்துவார். அதோடு, பயணிகள் கிட்டே போகத்தான் ஆசைப்படுவார்கள் என்பது அவருடைய அனுபவம். ஆகவே ஏறுவதற்கு முன்பே, "கிட்டப் போகத் தேவையில்லை அண்ணை, தள்ளி நிண்டே பாப்பம்" என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பயணத்தின் போக்கையே மாற்றிவிடும்.

முதல் நாள் இரவு இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் வெளியிடும் கடல் அறிக்கையைப் பார்த்துவிடலாம். சாப்பாடு அளவோடு, எண்ணெய் குறைவாக. கடல் குமட்டல் வரும் உடம்பு என்று தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்ட மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் உதவாது. இரண்டு இடியப்பமோ பிஸ்கட்டோ போதும். கர்ப்பிணிகளும் முதுகுத்தண்டுச் சிக்கல் உள்ளவர்களும் இந்தப் படகில் ஏறக்கூடாது. அலையில் எழும்பி விழும் பைபர் படகின் அடி நேரே இடுப்பில்தான் இறங்கும்.

விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் எழும்பும். சிறு வெள்ளை நுரைகள் கடலெங்கும் தெரியத் தொடங்கினால் திமிங்கிலத்தின் மூச்சைப் பிரித்தறிவது கடினம். படித்துறை இருக்காது, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். நீளமான கால்சட்டை, முழுக்கை உடை, கழுத்தில் கட்டிய தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கைபேசிக்கும் கேமராவுக்கும் தண்ணீர் புகாத பை. படகில் கழிவறை கிடையாது, பயணமோ மூன்று, நான்கு மணி நேரம். குமட்டல் பயம் உள்ளவர்கள் பின்பக்கம், எஞ்சினுக்குச் சற்று முன்னால் உட்காரட்டும். ஆட்டம் அங்கே குறைவு. கண் அடிவானத்தில் இருக்க வேண்டும், கைபேசித் திரையில் அல்ல.

சரி, ஆழத்துக்கு வந்தாயிற்று. இனித் தேடல்.

அனுபவமுள்ள ஓட்டி இங்கே எஞ்சினை நிறுத்திவிடுவார். அப்போது பயணிகளும் பேச்சை நிறுத்த வேண்டும். அமைதியான காலையில் நீலத்திமிங்கிலத்தின் மூச்சு கண்ணுக்குப் படுவதற்கு முன்பே காதுக்கு எட்டிவிடும். பெரிய டயரில் காற்றைத் திறந்துவிட்டதுபோல ஒரு நீண்ட இரைச்சல். பெருங்கடலின் நடுவில் வேறொரு உயிர் மூச்சு விடுவதைக் கேட்கும் அந்தக் கணத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

மூச்சின் வடிவமே பெயர் சொல்லும். நேராக, ஒல்லியாக, ஒன்பது மீட்டர் உயரம்வரை எழும்பும் தூண் என்றால் நீலத்திமிங்கிலம். முன்னால் சரிந்து இடது பக்கம் சாயும் குட்டையான புதர் என்றால் ஸ்பெர்ம் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் நுனியில் இடது பக்கமாக இருக்கிறது. தண்ணீரில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு மிதந்தால் அதையும் விட்டுவிடக்கூடாது. அது திமிங்கிலத்தின் கழிவு. 2003இல் இலங்கைக் கடலில் அப்படி ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்ததுதான் ஆஷா டி வோஸ் என்ற இலங்கைக் கடல் உயிரியலாளரின் வாழ்க்கைத் திசையைத் தீர்மானித்தது. குளிர்க்கடலுக்குப் போய்த்தான் இரைதேடும் என்று நினைத்திருந்த விலங்கு இந்த வெதுவெதுப்பான நீரிலேயே சாப்பிடுகிறது என்பதற்கு அது சாட்சி. இங்கே அவற்றின் முக்கிய இரை மிகச் சிறிய இறால் வகை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

கண்ட பிறகு நடந்துகொள்ளும் விதத்துக்குச் சட்டமே உண்டு. இலங்கையில் 2012இல் கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்று தனி விதிமுறைகள் வந்தன. திமிங்கிலத்திலிருந்து 100 மீட்டருக்குள் படகு போகக்கூடாது. ஐந்து கிரிக்கெட் பிட்சுகளை வரிசையாக வைத்தால் வரும் தூரம் அது. நேர் எதிரிலோ நேர் பின்னாலோ போகாமல், பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே, அதன் வேகத்தைத் தாண்டாமல் போக வேண்டும். நெருங்கியதும் எஞ்சின் நியூட்ரலில். தாயையும் குட்டியையும் பிரிக்கும்படி நடுவில் நுழையக்கூடாது. இன்னொரு படகு முன்பே நின்றால் தள்ளிக் காத்திருக்க வேண்டும். தண்ணீரில் குதித்து நீந்துவது அறவே கூடாது. எந்த ஓட்டியாவது அதற்குத் தனி விலை சொன்னால் அந்தப் படகையே தவிர்த்துவிடலாம். 100 மீட்டருக்கு அப்பால் படகை நிறுத்தியிருக்கும்போது திமிங்கிலமே அருகில் வந்தால் அது அதன் விருப்பம். படகு அசையாமல் இருந்தால் போதும்.

நீலத்திமிங்கிலம் சில முறை மூச்சு வாங்கிவிட்டு முதுகை உயர்த்தி வளைக்கும். உடனே கேமராவைத் தூக்க வேண்டும், ஏனென்றால் இலங்கைக் கடலின் நீலத்திமிங்கிலங்கள் மற்றப் பெருங்கடல்களில் உள்ளவற்றைவிட அடிக்கடி வாலை வானுக்குத் தூக்கிக்காட்டி மூழ்குகின்றன. வால் மறைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மறுபடி மேலே வரப் பத்து நிமிடம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். தண்ணீர் மீது எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு வழவழப்பான வட்டம் மட்டும் மிச்சமிருக்கும். முன்னால் ஓடிப்போய் மறிக்கலாம் என்று ஓட்டிக்குத் தோன்றும் நேரம் இதுதான். பேசாமல் நின்று காத்திருக்கச் சொல்ல வேண்டியதும் இப்போதுதான். ஸ்பெர்ம் திமிங்கிலம் மூழ்கினால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு இன்னும் பொறுமை வேண்டும்.

நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் டால்பின்கள் வேறு சுபாவம். பல சமயம் அவையே ஓடிவந்து படகின் மூக்கில் சவாரி செய்யும். ஸ்பின்னர் டால்பின் தண்ணீரிலிருந்து எழும்பித் தன் உடலையே பம்பரமாகச் சுழற்றும். ஒரே தாவலில் ஏழு சுற்றுவரை. பார்க்கிறவர்கள் கைதட்டி ஆர்ப்பரிப்பது இயல்பு. ஆனால் அவை இரவெல்லாம் ஆழத்தில் இரைதேடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும் விலங்குகள். படகு வட்டமடித்தும் ஊடறுத்தும் போனால் அந்தத் தூக்கம் போய்விடும். ஹவாயில் இந்தக் காரணத்துக்காகவே 2021இல் ஸ்பின்னர் டால்பினிடமிருந்து 50 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் படகு போனால் போதும். சேர்ந்து வர வேண்டும் என்று தோன்றினால் அவை வரும்.

படம் எடுக்க நினைப்பவர்கள் 300 மி.மீ. வரை போகும் லென்ஸோடு, விநாடியில் 1000இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமான ஷட்டரோடு தயாராக இருக்கலாம். வாலைவிட முதுகின் பக்கவாட்டுப் படம் பயனுள்ளது. நீலத்திமிங்கிலத்தின் உடலில் உள்ள சாம்பல் திட்டுகளும் முதுகுத் துடுப்பின் வடிவமும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஆய்வாளர்கள் அவற்றை வைத்தே ஒரு திமிங்கிலத்தை மறுபடி அடையாளம் காண்கிறார்கள். தேதி, நேரம், ஜி.பி.எஸ். இடம் ஆகியவற்றோடு சேர்த்து வைத்த தெளிவான படம் அவர்களுக்கு உதவும்.

ஒன்றும் தென்படாத காலைகளும் உண்டு. ஒரே நாளை நம்பி வராமல் இரண்டு காலைகளை ஒதுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் ஓட்டிக்குப் பேசிய பணத்தை முழுதாகவே கொடுத்துவிட வேண்டும். அவர் எரித்த எரிபொருள் எரிந்ததுதான். அன்று பகலில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்காவில் பவளப்பாறை மீன்களைப் பார்க்கலாம். மாலையில் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மறுபடி கோணேசர் மலைக்கு ஏறி, மறுநாள் படகை எந்தப் பக்கம் விடச் சொல்லலாம் என்று பார்த்து வரலாம்.