வீட்டுச் சேதி அவளுக்கும் போகட்டும்

பீடோர் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலும் சரி, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றாலும் சரி, என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், சிஸ்டர்கிட்டருந்து ஏதும் சேதி உண்டா?" அன்பாகத்தான் கேட்கிறார்கள், நானும் இருப்பதைச் சொல்வேன். ஆனால் மகளை இறைப்பணிக்காக அயல்நாட்டுக்கு அனுப்பியவள் என்ற முறையில் எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. சேதிக்கு அதிகம் ஏங்குவது அங்கே இருக்கிற பிள்ளைதான். அவளிடமிருந்து என்ன வரும் என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பதை விட, வீட்டிலிருந்து அவளுக்கு என்ன போகிறது என்று கவனிப்பதுதான் பெற்றோர் செய்யவேண்டிய வேலை. பிள்ளையை மடத்துக்கோ குருமடத்துக்கோ அனுப்பப்போகிறவர்களும், அனுப்பிவிட்டுத் தவிக்கிறவர்களும் இதைப் படிக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

என் மூத்தவள் எஃப்.எம்.எம். என்கிற, மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபையில் கன்னியாஸ்திரி. தாதியாகப் படித்தவள். பப்புவா நியூ கினியின் வடகரையில் ஐதாபே மறைமாவட்டத்தில் தாய்மார்களையும் பச்சைக் குழந்தைகளையும் பார்க்கிறாள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அசுந்தா மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும். 1954-இல் அதைத் தொடங்கியது இந்தச் சபைதான். நம் ஆட்களில் பலருக்குத் தெரியாதது, சபை பிறந்த இடம் ஊட்டி என்பது. பிரான்சின் நாந்த் நகரில் பிறந்து, 1865-இல் மதுரைப் பக்கம் மறைப்பணிக்கு வந்த அன்னை மேரி ஆஃப் தி பேஷன், பிறகு சில சகோதரிகளோடு ஊட்டிக்குப் போனார். 1877 ஜனவரி 6-ஆம் தேதி பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இந்தச் சபைக்கு அனுமதி கொடுத்தார். மகள் இந்தச் சபையில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "அவங்க எந்த ஊருக்காரங்க?" என்பது. ஊட்டி என்றதும் முகம் தெளிந்துவிட்டது. உங்கள் பிள்ளை சேரும் சபையின் கதையை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது அது கைகொடுக்கும்.

என் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட வந்தவர். ரஜூலா கப்பல் கொண்டுவந்த கடிதங்களைக் கிராணிதான் படித்துக்காட்டுவாராம். நலம், நலமறிய ஆவல் என்ற பகுதியைத் தாத்தா வேகமாகத் தாண்டச் சொல்லிவிட்டு, பசு கன்று போட்டதையும் மேலத்தெருக் கிணற்றில் தண்ணீர் வற்றியதையும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாராம். இதை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் அர்த்தம் மகள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. போன புதிதில் ஒருநாள் அவளே சொன்னாள். "அம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்னு நீங்க சொன்னா எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு என்ன குழம்புன்னு சொல்லுங்க, நம்புறேன்."

அதற்குப் பிறகு நான் சொல்வதெல்லாம் சின்னச் சின்னச் சங்கதிகள்தான். ரோட்டோரக் கடையில் கொய்யா என்ன விலை, பெட்டாய் எப்போது வந்தது, பாடற்குழுவில் அவள் இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள், பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, அப்பா எதற்காகத் தம்பியோடு சண்டை போட்டார். சண்டையையும் சொல்லவேண்டும். எல்லாரும் ஒற்றுமையாக, புன்னகையோடு, அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற வீடாகக் காட்டினால், அந்த வீட்டுக்குத் திரும்பி வர அவளுக்கே கூச்சமாகிவிடும்.

குரல் பதிவு அனுப்புவது எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது. அவள் இருக்கும் பக்கம் நெட்வொர்க் எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. வீடியோ கால் பாதியில் நின்றுபோனால் இரண்டு பக்கமும் மனது கெட்டுப்போகும். இரண்டு மூன்று நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் அவள் நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்வாள். பின்னால் குக்கர் விசில் கேட்டாலும் நிறுத்தாதீர்கள். அதையும் சேர்த்துத்தான் அவள் கேட்கிறாள். நேரடியாகப் பேசும்போது, நம்மை விட அங்கே இரண்டு மணி நேரம் முன்னால் என்பதை மறக்கக்கூடாது. நமக்கு இரவு எட்டு என்றால் அங்கே பத்து. நாள் முழுக்க பிரசவம் பார்த்தவளைத் தூங்கவிடாமல் "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பதில் நியாயம் இல்லை.

பார்சல் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாட்டில் தபால்காரர் வீடு தேடி வரமாட்டார். எல்லாம் தபால் பெட்டி எண்தான். மடத்தின் பெட்டி எண்ணைச் சரியாக வாங்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, கருவாடு, விதை எல்லாம் வேளாண் சோதனையில் சிக்கும். கடையில் வாங்கிய, மூடி உடைக்காத மசாலாத்தூள் வைப்பதென்றாலும் எதற்கு அனுமதி உண்டு என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புவதே நல்லது. இன்னொன்று, அவளுக்கு மட்டும் என்று அனுப்பாதீர்கள். அவர்களுக்கு எல்லாமே பொது. மடத்தில் எத்தனை பேர் என்று கேட்டு அதற்குத் தகுந்தபடி வையுங்கள். இந்தச் சபையில் பல நாட்டுக்காரர்கள் ஒரே வீட்டில் இருப்பார்கள். அவர்கள் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நலம் விசாரிக்கிறேன். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்து, வரைபடம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பப்புவா நியூ கினி வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறோம். அலங்காரத்துக்காக மாட்டியதில்லை. 2024 ஜனவரி 10-ஆம் தேதி தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் பெரிய கலவரம் நடந்தது. கடைகள் எரிகிற படங்களை உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராக எனக்கு அனுப்பினார்கள். வரைபடத்தைப் பார்த்தால், தலைநகர் தென்கரையில், மகள் வடகரையில், நடுவே மலைத்தொடர், இரண்டையும் இணைக்கச் சாலைகூடக் கிடையாது. என் கணவர் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லி அமைதிப்படுத்தினார். ஆனால் அதே வருடம் மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு, விடியற்காலையில் கிழக்கு செபிக்கில் 6.9 அளவு நிலநடுக்கம் வந்தபோது, அதே வரைபடம் எங்களுக்குப் பயப்படக் காரணத்தையும் காட்டியது. கிழக்கு செபிக் அவளுக்குப் பக்கத்து மாநிலம். பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரே வரி வந்தது: "ஆடுச்சு, நாங்க பத்திரம், ஆத்தோர ஜனங்களுக்குத்தான் கஷ்டம், வேண்டிக்குங்க." எதற்குப் பயப்படவேண்டும், எதற்குத் தேவையில்லை என்று தெரிந்திருந்தால் அவளிடம் வீணாகப் பதறமாட்டோம். நம் பதற்றத்தையும் சேர்த்து அவள் ஏன் சுமக்கவேண்டும்?

இனி நான் சொல்லப்போவதை எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். கெட்ட சேதியை மறைக்காதீர்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த காலம். எங்கள் வீட்டுப் பாட்டி, ஊட்டி என்றதும் முகம் தெளிந்தவர், படுத்த படுக்கையானார். விமானம் இல்லை, எல்லை திறக்கவில்லை. அவள் வரவே முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். "எதுக்குச் சொல்லணும், வேலையில இருக்கிற பிள்ளை மனசு உடைஞ்சிடும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்கள் வீட்டில். என் கணவர் கேட்கவில்லை. பாட்டி படுத்த முதல் நாளே சொல்லிவிடலாம் என்றார், அப்படியே சொன்னோம். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் ஒரு குரல் பதிவு அனுப்புவாள். கைப்பேசியைப் பாட்டியின் காதருகே வைப்போம். அருள்நிறைந்த மரியே சொல்லுவாள், ஏதாவது கேலி பேசுவாள், சில நாள் அழுவாள். பாட்டிக்குப் பேச்சு நின்றுபோன பிறகும் அவள் குரல் கேட்டால் விரல் அசையும்.

இறந்த செய்தியை அவளுக்கு நேரடியாகச் சொல்லவில்லை. மடத்துத் தலைவிக்குத்தான் முதலில் போன் செய்தோம். அவர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் நாங்கள் பேசினோம். தனியறையில் நின்றுகொண்டு கைப்பேசித் திரையில் அதை வாசித்திருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. அடக்கத்துக்கு இங்கே ஆட்களை எண்ணித்தான் விட்டார்கள். அதே நேரத்தில் அங்கே சிற்றாலயத்தில் எல்லாச் சகோதரிகளும், அவள் பிரசவம் பார்த்த பெண்கள் சிலரும் கூடிச் செபமாலை சொன்னார்கள். எங்கள் பாட்டி தமிழ் தவிர வேறு பாஷை பேசாதவர். அவருக்காகக் கடல் தாண்டி முகம் தெரியாதவர்கள் அழுதிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லியிருக்காவிட்டால் இதெல்லாம் எங்களுக்கும் கிடைத்திருக்காது, அவளுக்கும் கிடைத்திருக்காது.

உறவினர் கேள்விகளுக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் இந்துக்கள். என் பெரியண்ணன் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் காவடி எடுப்பவர். "ஏம்மா, ஜனங்களை மதம் மாத்தவா பிள்ளையை அனுப்பியிருக்கே?" என்று நேராகவே கேட்டார். கோபப்படக் காரணமில்லை, கேட்க உரிமை உள்ளவர். அந்த நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் என்பதையும், அங்கே ஆளில்லாத வேலை பிரசவம் பார்ப்பதும் மலேரியாவுக்கு மருந்து கொடுப்பதும்தான் என்பதையும் எடுத்துச் சொன்னேன். இப்போது அவர்தான் அவளைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகப் பேசுகிறவர். "வயசான காலத்துல உங்களை யார் பார்ப்பா?" என்ற கேள்விக்கு வெளியாருக்குப் பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குள் அதைப் பேசிமுடிக்க வேண்டும். அவள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள், சம்பளம் சபைக்குப் போகும், நமக்குப் பணம் அனுப்பமாட்டாள். நானும் கணவரும் அவளும் அவள் தம்பியும் உட்கார்ந்து, மருத்துவச் செலவிலிருந்து வீட்டுப் பத்திரம் வரை பேசித் தீர்த்தோம். பேசாமல் விட்டிருந்தால் தம்பி மனதில் அது முள்ளாக உட்கார்ந்திருக்கும்.

அவள் விடுமுறையில் வரும்போது முதல் சில நாட்கள் தூங்கவிடுங்கள். அன்பியக் கூட்டம், செபக்கூட்டம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று நாமே நாட்குறிப்பை நிரப்பிவிடக்கூடாது. கோயிலில் அவள் எல்லாருக்கும் சிஸ்டர். வீட்டில் எனக்குப் பாப்பா. பாப்பாவாக இருக்க அவளுக்குக் கொஞ்ச நாள் வேண்டும். காய்ச்சல் வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். இங்கே காய்ச்சல் என்றாலே டெங்கியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே உள்ள ஒருவகை மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப எழும். "பப்புவா நியூ கினியிலிருந்து வந்தவள், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்க" என்று டாக்டரிடம் நாமே சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னதால்தான் உடனே கண்டுபிடித்தார்கள். கடப்பிதழ் காலாவதியையும் அந்த விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். போர்ட் மோர்ஸ்பியில் நம் நாட்டுத் தூதரகம் இருக்கிறதுதான், ஆனால் ஐதாபேயிலிருந்து அங்கே போக விமானம் ஏறவேண்டும்.

சந்தோஷ சேதியும் ஒன்று சொல்லவேண்டும். 2024 செப்டம்பர் 8-ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ், மகள் இருக்கும் அதே மாநிலத்தில் வனிமோ என்ற சின்ன ஊருக்கு ராணுவ விமானத்தில் வந்தார். நமக்கோ அன்று ஆரோக்கிய மாதா திருநாள். அவள் கூட்டத்தோடு வெயிலில் நின்றிருக்கிறாள். மறுநாள்தான் படம் வந்தது. பாப்பரசர் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார், மகள் கறுத்து மெலிந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அவர் என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டேன். அதைச் சொல்லிவிட்டு உடனே கேட்டாள்: "அதை விடுங்க, நேத்து மாதா சப்பரத்துக்கு யார் பூ ஜோடிச்சா?"

போன மாதம் சுங்கையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகன் வேதபோதகப் பணிக்குப் பயிற்சி எடுக்க வெளிநாடு போகிறான், கண்ணீர் நிற்கவில்லை அவருக்கு. அழவிட்டு, பசியாறச் சொல்லி, பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவனுடைய பொறுப்பாளர் நம்பரை அவன் கிளம்புமுன் வாங்கி வீட்டில் எல்லார் கைப்பேசியிலும் போட்டுவைக்கவேண்டும். நேர வித்தியாசத்தைக் காலண்டரில் பெரிதாக எழுதிவைக்கவேண்டும். விமானம் ஏறிய அன்றே, அவன் அங்கே போய் இறங்குமுன், வீட்டில் அன்று என்ன நடந்தது என்று ஒரு குரல் பதிவு போட்டுவிடவேண்டும். "என்னத்தப் பேசுறது டீச்சர், அன்னைக்கு அழுதுகிட்டுத்தானே இருப்பேன்?" என்றார். அழுததையும் சொல்லுங்கள், அழுது முடித்து என்ன சமைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள் என்றேன்.