உப்பிய பொட்டலத்துக்குள் என்ன காற்று?

பெட்டிக் கடையில் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. சிப்ஸ், மிக்சர், காராசேவு. எல்லாம் தலையணை போல உப்பி இருக்கின்றன. பிரித்தால் பாதி இடம் வெறும் காற்று.

"காசை வாங்கிக்கொண்டு காற்றை விற்கிறார்களே!" என்று பலர் கோபப்படுகிறார்கள்.

பொட்டலத்தின் மேல் 'நிகர எடை' என்று போட்டிருக்கும். அது தின்பண்டத்தின் எடை மட்டுமே. உறைக்கும் காற்றுக்கும் அதில் இடமில்லை. அந்த எடை குறைந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். எடை சரியாக இருந்தால், காற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் மூச்சு விடும் காற்றே அல்ல.

நம்மைச் சுற்றி உள்ள காற்றில் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், சுமார் 78 பங்கு நைட்ரஜன். சுமார் 21 பங்கு ஆக்ஸிஜன். இதைப் பிராணவாயு என்றும் சொல்வார்கள். மற்றவை எல்லாம் சேர்ந்து சுமார் 1 பங்கு.

ஆக்ஸிஜன் இல்லாமல் மனிதன் இல்லை. ஆனால் எண்ணெய்ப் பண்டத்துக்கு அதுதான் எதிரி. முறுக்கைத் திறந்து போட்டு வைத்தால் சில நாளில் சிக்கு வாடை அடிக்கிறது அல்லவா? எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்வதால் வருவது அது. வெயிலும் வெளிச்சமும் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். அதற்காகத்தான் பல உறைகளின் உள்பக்கம் வெள்ளி போல மின்னுகிறது. அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. நைட்ரஜன் அப்படி இல்லை. எண்ணெயை ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கும். பண்டம் நொறுங்காமல் மெத்தை போலத் தாங்கவும் செய்யும்.

ராஜஸ்தானில் பிகானேர் என்று ஓர் ஊர். பாலைவன ஊர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த ஊரின் புஜியா பெயர் பெற்றது. பார்க்க ஓமப்பொடி போல இருக்கும். நரிப்பயறு மாவும் கடலை மாவும் கலந்து பிழிந்து, எண்ணெயில் பொரிப்பார்கள். 2010-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததைப் 'பிகானேரி புஜியா' என்று விற்கக் கூடாது என்பது அதன் பொருள்.

அந்தப் புஜியா லாரியிலும் ரயிலிலும் நாடு முழுவதும் போகிறது. வாரக்கணக்கில் கடையில் தொங்குகிறது. அதுவரை சிக்கு வாடை வரக் கூடாது. எனவே இது போன்ற பண்டங்களைக் கட்டும்போது மெஷின் பொட்டலத்துக்குள் நைட்ரஜனை ஊதுகிறது. ஆக்ஸிஜன் வெளியேறுகிறது. உடனே சூடான இரும்புத் தாடைகள் வாயை அழுத்தி ஒட்டுகின்றன.

ஆனால் நைட்ரஜனுக்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. வெறும் காற்றை அடைத்தாலும் பொட்டலம் இதே போல உப்பித்தான் இருக்கும். கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியாது. அப்படியானால் உள்ளே இருப்பது எது என்று எப்படித் தெரியும்?

அதற்குச் சோதனை இருக்கிறது. தொழிற்சாலையில் சோதனை மேசையில் ஒருவர் இருப்பார். மெஷினில் இருந்து வந்த பொட்டலத்தில் ஒன்றை எடுப்பார். அதன் மேல் சிறிய ரப்பர் வில்லை ஒன்றை ஒட்டுவார். வில்லையின் நடுவே ஊசியைக் குத்துவார். ரப்பர் ஊசியைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெளிக் காற்று உள்ளே போகாது. வில்லை ஒட்டாமல் குத்தினால் வெளிக் காற்று கலந்துவிடும். கணக்குத் தப்பாக வரும்.

ஊசி உள்ளே இருக்கும் வாயுவைச் சில மில்லி உறிஞ்சும். அது குழாய் வழியாகக் கருவிக்குப் போகும். ஒரு வகைக் கருவியில், ஆக்ஸிஜன் படும்போது சிறிய மின்சாரம் உண்டாகும். ஆக்ஸிஜன் கூடினால் மின்சாரமும் கூடும். கருவி அதை எண்ணாக மாற்றிக் காட்டும். பொரித்த பண்டத்துக்கு 100-ல் 2 அல்லது 3 பங்குக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

கருவி சரியாக இருக்கிறதா? அதைப் பார்ப்பது சுலபம். ஊசியை அறையின் காற்றில் நீட்ட வேண்டும். 20.9 காட்ட வேண்டும். இந்த அளவுகோல் எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது!

ஊசி குத்திய பொட்டலம் விற்பனைக்கு ஆகாது. ஆகவே எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு எல்லாம் ஒரே பானையில் வேகிறது. பொட்டலங்களோ தனித்தனியாக ஒட்டப்படுகின்றன. ஒன்று நன்றாக இருந்தால் அடுத்ததும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு நாள் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை மேசையில் ஒரு பெண். பதிவேட்டில் அவர் எழுதியது இது: 10.00 மணி, 1.8. 10.30 மணி, 2.1. பதினொரு மணிக்குக் கருவி 9 காட்டுகிறது.

"பாயீ சாப், மெஷினை நிறுத்துங்கள். 9 காட்டுகிறது" என்கிறார் அவர்.

"பொட்டலம் நன்றாக உப்பித்தானே இருக்கிறது, பெஹன்ஜி? வெளியே லாரி நிற்கிறது."

அவர் ஊசியை அறைக் காற்றில் நீட்டுகிறார். 20.9. கருவியில் குறை இல்லை. இன்னொரு பொட்டலத்தைக் குத்துகிறார். 8.7. மெஷின் நிற்கிறது. பதிவேட்டில் 9 என்றே எழுதுகிறார். 2 என்று எழுதியிருந்தால் லாரி போயிருக்கும். இரண்டு மாதம் கழித்து, எங்கோ ஒரு குழந்தை வாயில் போட்டுத் துப்பியிருக்கும்.

குறை எங்கே? மெஷினில் இருந்து அப்போதே வந்த பொட்டலத்திலும் 9 இருந்தால், நைட்ரஜன் சரியாக வரவில்லை. சிலிண்டர் காலியாகி இருக்கலாம். புதிதாக வரும்போது 2, சில மணி நேரம் கழித்து 9 என்றால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் ஒட்டும் இடத்தில் ஒரு துண்டு புஜியா மாட்டியிருக்கும். பொட்டலத்தைத் தண்ணீரில் அமுக்கினால் ஒழுகும் இடத்தில் குமிழி வரும். இங்கே சிலிண்டர்தான் காலி.

10.30-க்குப் பொட்டலம் நன்றாக இருந்தது. 11-க்குக் கெட்டிருக்கிறது. மெஷின் நிமிடத்துக்கு 50 பொட்டலம் கட்டுகிறது. 30 நிமிடத்தில் 1,500 பொட்டலம். அத்தனையும் தனியே வைக்கப்படுகின்றன. பெட்டிகளின் மேல் உள்ள நேரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். 10.40 வரை சரி. அதற்குப் பிறகு வந்த 1,000 பொட்டலங்களைப் பிரித்து, புஜியாவை அன்றே மறுபடி கட்டுகிறார்கள்.

நைட்ரஜன் பண்டத்துக்கு நல்லது. வேலை செய்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. சன்னல் இல்லாத அறையில் குழாய் ஒழுகினால், ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வரும். மூச்சுத் திணறுவது போலத் தோன்றாது. ஆக்ஸிஜன் 10 பங்குக்குக் கீழே போனால் திடீரென்று மயக்கம் வரும். உயிரும் போகும். காப்பாற்ற ஓடியவரும் அதே இடத்தில் விழுந்த சம்பவங்கள் உண்டு. சிலிண்டர் அறையில் காற்றோட்டம் வேண்டும். ஆக்ஸிஜன் குறைந்தால் மணி அடிக்கும் கருவியும் வேண்டும். இதை முதலாளியிடம் கேட்பது தொழிலாளியின் உரிமை.

கவனிக்க: எல்லா உப்பலும் ஒன்றல்ல. தகர டப்பாவில் அடைத்த உணவு உப்பி இருந்தால் அது கிருமி உண்டாக்கிய வாயுவாக இருக்கலாம். அதை ருசி பார்க்கவும் கூடாது.

கணக்குப் போடுங்கள்: ஒரு மெஷின் நிமிடத்துக்கு 40 பொட்டலம் கட்டுகிறது. 2.20 மணிக்குக் கருவி 2.0 காட்டியது. 2.40 மணிக்கு 7.5 காட்டியது. எத்தனை பொட்டலங்களைத் தனியே வைக்க வேண்டும்?

படித்து எழுதுங்கள்: வீட்டில் உள்ள ஒரு பொட்டலத்தை எடுங்கள். நிகர எடை எவ்வளவு? கட்டிய தேதி எது? எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்? அந்தத் தேதி பிரிக்காத பொட்டலத்துக்கு மட்டுமே. பிரித்ததும் நைட்ரஜன் போய்விடும். மீதியை இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டுச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.