உறையுளும் உடல்நலமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர். அச்செல்வம் வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

ஆலைத் தொழிலாளியின் மகனான நான் வளர்வது ஒரு லைன் வீட்டில். ஓர் அறை, சன்னல் இல்லை, பத்துக் குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. ஒருமுறை சுகாதார ஆய்வாளர் வந்து குறித்துக்கொண்டு சென்றார். ஒன்றும் மாறவில்லை.

இலண்டனில் 1865-இல் ஆக்டேவியா ஹில் அம்மையார் வேறு வழி கண்டார். அறிஞர் ஜான் ரஸ்கின் வாங்கித் தந்த மூன்று பாழ்பட்ட வீடுகளை ஏற்றுச் சீர்செய்தார். வாரந்தோறும் வாடகை வாங்கச் செல்லும்போதே வீட்டின் நிலையையும் கண்டறிந்தார். முதலுக்கு 5 விழுக்காடு வருவாய் போக, எஞ்சியதைக் குடியிருப்போர் விரும்பிய வசதிகளுக்கே செலவிட்டார்.

'வாரந்தோறும்' என்பதில் அறிவியலும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் அது பறக்க வழியில்லை. ஆண்டுக்கொரு முறை பார்ப்பதால் பயனென்ன?

சென்ற விடுமுறையில், வீட்டுக்காரர் இசைவுடன், நானும் அப்பாவும் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தோம். அம்மா முதன்முதலாகப் பகலில் விளக்கின்றி அரிசியில் கல் பொறுக்கினார்.

நண்பர்களே, பார்வையிடுதல் பாதி, பழுதுபார்த்தலே மீதி!