கவனிப்பவரையும் கவனிப்பவர்

வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் எல்லோரும் அவரைப் பற்றியே கேட்பார்கள். "எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா?" என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் மனைவியாக இருப்பார். மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். அவருக்கு இரவில் தூக்கம் இல்லை. கூலி வேலைக்குப் போக முடியாது. நல்லது கெட்டதுக்கும் போக முடியாது.

அவருக்கும் ஒரு துணை வேண்டும். அப்படித் துணையாக வருபவர்களைக் கேரளத்தில் பார்க்கலாம். அவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகப் போகும் செவிலியர்கள்.

இது எப்படித் தொடங்கியது?

1993-ஆம் ஆண்டு. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சங்கம் தொடங்கியது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். சில நோய்களைக் குணமாக்க முடியாது. ஆனால் வலியைக் குறைக்க முடியும். கடைசி வரை கூடவே இருக்க முடியும். இதற்கு 'வலி தணிப்புச் சேவை' என்று பெயர்.

படுத்த படுக்கையாக இருப்பவர் மருத்துவமனைக்கு எப்படி வருவார்? ஆகவே சேவை வீட்டைத் தேடிப் போனது. மலப்புரம் மாவட்டத்தில் சாதாரண மக்களே இதற்கு முன்வந்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். பயிற்சி பெற்றுத் தொண்டர்கள் ஆனார்கள். ஊர் மக்கள் சிறு சிறு தொகையாகப் பணம் கொடுத்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன் பிறகு ஊராட்சிகளும் இந்த வேலையை ஏற்றன. ஜனவரி 15-ஆம் நாளை அங்கே இந்தச் சேவைக்கான நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

செவிலியர் வருகிறார்

செவிலியரின் வேலையைப் புரிந்துகொள்ள, இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் பாக்கு மரத்தில் இருந்து விழுந்தவர். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மனைவிதான் எல்லாம் பார்க்கிறார். மகன் தையல் கடையில் வேலை செய்கிறான்.

செவிலியர் உள்ளே வருகிறார். முதலில் நோயாளியிடம் பேசுகிறார். பிறகு மனைவியின் பக்கம் திரும்புகிறார்.

"சேச்சி, ராத்திரி தூங்கினீர்களா?" சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா.

"தூக்கமா? அது போய் ஏழு மாதம் ஆகிறது, சிஸ்டர். முதுகும் வலிக்கிறது. இவரைப் புரட்டும்போது பிடித்துக்கொள்கிறது."

செவிலியர் நோயாளியின் முதுகைப் பார்க்கிறார். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடம் சிவந்திருக்கிறது. இது படுக்கைப் புண்ணின் தொடக்கம். மனைவியின் கண் கலங்குகிறது.

"நான் சரியாகப் பார்க்கவில்லையா?"

"அப்படி இல்லை, சேச்சி. ஒரே ஆள் இரவும் பகலும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். இன்னும் தோல் கிழியவில்லை. இப்போதே கவனித்தால் சரியாகிவிடும்."

பிறகு மனைவியின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். அதிகமாக இருக்கிறது.

"மாத்திரை போடுகிறீர்களா?"

"தீர்ந்து பத்து நாள் ஆயிற்று. இவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?"

செவிலியர் மகனைக் கூப்பிடுகிறார். "மோனே, ராத்திரி 10 மணிக்கும் 12 மணிக்கும் 2 மணிக்கும் அப்பாவை நீ புரட்டிப் படுக்க வை. அம்மா 4 மணி வரை தூங்கட்டும். அம்மா விழுந்துவிட்டால் இரண்டு பேரை நீ பார்க்க வேண்டி வரும்."

மகன் தலையசைக்கிறான். வியாழக்கிழமை மதியம் ஒரு தொண்டர் வந்து இரண்டு மணி நேரம் இருப்பார். அந்த நேரத்தில் மனைவி சுகாதார நிலையம் போய் மாத்திரை வாங்கி வருவார்.

செவிலியர் கற்றுத் தருபவை

1. நோயாளியை இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்.

2. எந்தப் பக்கம் புரட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து, உங்களை நோக்கிப் புரட்டுங்கள். உங்கள் முழங்கால் மடங்கட்டும். முதுகு வளையக் கூடாது.

3. வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருந்தால் தேய்க்காதீர்கள். அந்த இடம் அழுந்தாமல் படுக்க வையுங்கள். செவிலியரிடம் சொல்லுங்கள்.

4. விரிப்பு ஈரம் இல்லாமலும் சுருக்கம் இல்லாமலும் இருக்கட்டும்.

5. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்வாக வைத்த பிறகே உணவு கொடுங்கள். சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்காதீர்கள்.

6. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். வேலையைப் பங்கு போடுங்கள். உதவி கேட்பது வெட்கம் அல்ல.

ஒரு செவிலியருக்குப் பல வீடுகள். தினமும் ஒரே வீட்டுக்கு வர முடியாது. அதனால்தான் அவர் வேலையைச் செய்துவிட்டு மட்டும் போவதில்லை. வீட்டாருக்குக் கற்றும் தருகிறார்.

நோயாளியைக் கவனிப்பவருக்கு என்றே கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற உதவித்தொகைத் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கும் அதன் மூலம் செவிலியர் வருகிறார். உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

விடை எழுதுங்கள்

1. படுக்கைப் புண் எந்தெந்த இடங்களில் வரும்?
2. மனைவி ஏன் மாத்திரை வாங்கப் போகவில்லை?
3. செவிலியர் மகனுக்கு என்ன வேலை கொடுத்தார்? ஏன்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் யார்? வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருக்கு ஓய்வு கொடுக்க உங்களில் யாரால் முடியும்?