கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கு எத்தனை மணித்தியாலம்?

டிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "காலையில பத்து மணிக்கு ஏறினா பகல் ஒரு மணிக்கு டுபாய்னு போட்டிருக்கே, மூணு மணித்தியாலம்தானா? போன மக நாலரை மணித்தியாலம் உக்காந்திருந்தேன்னு சொல்றாளே!"

இரண்டும் சரிதான்.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 3,290 கிலோமீற்றர். ஹற்றனிலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல். விமானம் மணித்தியாலத்துக்கு 850 கிலோமீற்றர் அளவில் பறந்தால் நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஏறவும், இறங்கவும், ஓடுபாதையில் ஊர்ந்து போகவும் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தால் நாலரை வந்துவிடும்.

அப்படியானால் அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்கே போனது? சூரியன் முதலில் நமக்குத்தான் உதிக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கும். நாம் இருப்பது 80ஆம் பாகைக்குப் பக்கத்தில், டுபாய் 55இல். 25 பாகைக்கு 100 நிமிடம். நாடுகள் மணியை அரை மணித்தியாலக் கணக்கில் ஒழுங்காக வைத்துக்கொள்வதால் வித்தியாசம் ஒன்றரை மணித்தியாலம். இங்கே மாலை ஆறு என்றால் அங்கே நாலரை. (சிலர் இன்னும் "ரெண்டு மணித்தியாலம்" என்பார்கள். 1996இல் நம் நாட்டு மணியை முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. அந்தக் காலத்துக் கணக்கு அது.)

டிக்கற்றில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர் மணி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர் மணி. ஆகவே திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். டுபாயில் 14ஆம் திகதி 22.00 மணிக்கு ஏறுபவர் இங்கே 15ஆம் திகதி விடியற்காலை நாலு மணியளவில் இறங்குவார். தாளில் ஆறு மணித்தியாலம்போல் தெரியும், பறந்தது நாலரைதான்.

நாம் பயப்படுவது மணியை விடத் திகதிக்குத்தான். நடுச்சாமம் தாண்டினால் திகதி மாறிவிடும். "15ஆம் திகதி 00.40" என்று இருந்தால் அது 14ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் 12.40. மூன்று மணித்தியாலம் முந்திப் போய் நிற்க வேண்டும், அதாவது 14ஆம் திகதி இரவு 9.40க்கு. ஹற்றன் பக்கத்திலிருந்து வானில் போக நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். மழை, மண்சரிவு என்றால் அதுவும் போதாது. எனவே 14ஆம் திகதி பின்னேரம் நாலு மணிக்கே லயத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஒரு குடும்பம் 15ஆம் திகதி இரவு பெட்டியோடு போய் நின்றது. விமானம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. நகை அடகு வைத்த காசில் எடுத்த டிக்கற்.

டிக்கற் கைக்கு வந்த அன்றே, எந்த ராத்திரி என்று கலண்டரில் வட்டம் போட்டு, வான்காரரிடமும் அதையே சொல்லி வையுங்கள்.